ஸ்லாஷ்டாட் இப்போது யார் கையில்? கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வெட்டிக்கோடர்:

போன வாரம் ஆபீசில் ஒரு பழைய விண்டோஸ் டூல் தேவைப்பட்டு, இலவச மென்பொருள் இறக்கிக்கொள்ளும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குப் போனேன். டவுன்லோடு தொடங்கக் காத்திருந்த நேரத்தில் சும்மா பக்கத்தின் அடிவரை இறங்கினால், காப்பிரைட் வரியில் "ஸ்லாஷ்டாட் மீடியா" என்று போட்டிருந்தது. ஸ்லாஷ்டாட் என்றால் டெக் செய்திகளுக்கான ஒரு பழைய தளம். பக்கத்து சீட்டில் இருக்கும் எங்கள் சீனியர் அதைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, அது இன்னும் உயிரோட இருக்கா?" என்று ஆரம்பித்தவர் டீ குடித்து முடிக்கும் வரை அதைப் பற்றியே பேசினார். ஆனால் அது யாருடையது, எப்படிக் கை மாறியது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

நான் 2019 பாஸ் அவுட். எனக்கு டெக் செய்தி என்றால் ஹேக்கர் நியூஸ், ரெடிட், யூட்யூப், அவ்வளவுதான். கொஞ்சம் தேடிப் படித்தேன். ஆண்டோவர், விஏ லினக்ஸ், கீக்நெட், டைஸ், பிஸ்எக்ஸ் என்று டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரி வரிசையாகப் பெயர்கள் வருகின்றனவே தவிர, அவர்கள் எதற்காக வாங்கினார்கள், எதற்காக விற்றார்கள் என்பது மண்டையில் ஏறவில்லை. வெறும் லிங்க் போட்டு கமெண்ட் எழுதும் ஒரு தளத்தை இத்தனை பேர் காசு கொடுத்து வாங்க என்ன இருக்கிறது? அந்தக் காலத்தில் இதைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


பழைய மோடம்:

உங்கள் சீனியர் வயசுதான் தம்பி எனக்கும். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்றொரு சின்ன ஊர், அங்கே ஹோப் காலேஜில் ராப் மால்டா என்ற மாணவர், வயது 21. லினக்ஸ் (இலவச இயங்குதளம்), ஸ்டார் வார்ஸ், ஹார்டுவேர் என்று தனக்குப் பிடித்ததை எல்லாம் எழுத "சிப்ஸ் அண்ட் டிப்ஸ்" என்று ஒரு சொந்தப் பக்கம் வைத்திருந்தார். அந்த வருஷம் அக்டோபரில் சொந்தமாக டொமைன் வாங்கி ஸ்லாஷ்டாட் என்று பெயர் வைத்தார். பெயரே ஒரு குறும்புதான். போனில் யாருக்காவது முகவரியைச் சொல்லிப் பாருங்கள்: எச் டி டி பி கோலன் ஸ்லாஷ் ஸ்லாஷ் ஸ்லாஷ்டாட் டாட் ஓஆர்ஜி. கேட்பவன் எத்தனை ஸ்லாஷ், எத்தனை டாட் என்று எண்ணி முடிப்பதற்குள் போனை வைத்துவிடுவான். மால்டா அங்கே எழுதியது "கமாண்டர் டாக்கோ" என்ற பெயரில், கூட்டாளி ஜெஃப் பேட்ஸ் "ஹீமோஸ்" என்ற பெயரில்.

இப்போது பார்த்தால் வெறும் லிங்க் மாதிரிதான் இருக்கும், ஆனால் 97இல் அது புதுசு. வாசகர் ஒரு லிங்கும் கூடவே மூன்று வரியும் அனுப்புவார். எடிட்டர்கள் நாலைந்து பேர் வந்து குவிவதில் நல்லதாகப் பொறுக்கி முகப்பில் போடுவார்கள். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் கமெண்ட். விஷயமே அந்தக் கமெண்டில்தான். ஒரு ஃபைல் சிஸ்டம் பற்றிச் செய்தி வந்தால் அதை எழுதிய ஆளே வந்து "நீங்கள் சொல்வது தப்பு, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால்" என்று பதில் போடுவார். மூலக் கட்டுரையைத் திறந்து படிக்காமல் சண்டை போடுவது அப்போதே நடைமுறைக்கு வந்துவிட்டது, அதை இப்போதைய தலைமுறை கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம்.

நான் படித்தது 2001 வாக்கில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில். மணிக்கு 30 ரூபாய். காசு மிச்சம் பிடிக்க, முகப்பைத் திறந்து, நாலு செய்தியின் கமெண்ட் பக்கங்களை அப்படியே ஃப்ளாப்பியில் சேவ் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். படம் எதுவும் இருக்காது, அந்தக் கரும்பச்சைத் தலைப்பு கூட வராது, வெறும் எழுத்து. அதிலேயே ராத்திரி ஒரு மணி வரை ஓடும்.

மாடரேஷன் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். கமெண்டுக்கு மைனஸ் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆரம்பத்தில் மால்டாவே உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை என்று 25 பேரைத் தேர்ந்தெடுத்தார், அப்புறம் 400 பேர், கடைசியில் வழக்கமாக வருகிற யாருக்கு வேண்டுமானாலும் குலுக்கல் மாதிரி 5 பாயிண்ட் வரும், மூன்று நாளில் செலவழிக்காவிட்டால் போய்விடும். ரெடிட் மாதிரி நினைத்த நேரமெல்லாம் அமுக்க முடியாது. அதிலும் நீங்கள் கமெண்ட் எழுதிய விவாதத்தில் நீங்களே மார்க் போட முடியாது. வெறும் மார்க் மட்டும் இல்லை, "நுணுக்கமானது", "தகவல் உள்ளது", "வேடிக்கை", "வம்பு" என்று காரணமும் சொல்ல வேண்டும். வேடிக்கை என்று யாராவது மார்க் போட்டால் மதிப்பெண் ஏறும், ஆனால் எழுதியவருக்குக் கர்மா, அதாவது அங்கே சேரும் நற்பெயர்க் கணக்கு, ஏறாது. ஜோக்கடித்தே பெரிய ஆள் ஆகிவிடக் கூடாது என்ற நினைப்பு. கணக்கே இல்லாமலும் எழுதலாம், பெயர் இடத்தில் "பெயரில்லாத கோழை" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் வரும்.

அப்புறம் "ஸ்லாஷ்டாட் எஃபெக்ட்" என்ற சொல்லே இங்கிருந்து வந்ததுதான். ஏதோ ஒரு பல்கலைக்கழக மாணவன் தன் சின்ன சர்வரில் போட்ட பக்கத்துக்கு இங்கே லிங்க் வந்தால், அரை மணி நேரத்தில் அந்த சர்வர் படுத்துவிடும். பெருமையும் அதுதான், தண்டனையும் அதுதான்.

ஜூன் 1999இல் ஆண்டோவர் டாட் நெட் என்ற இணையக் கம்பெனி ஸ்லாஷ்டாட்டை வாங்கியது. அங்கிருந்து காசுக் கதை. அதற்கு இங்கே வேறு ஆள் இருக்கிறார், கணக்குப்பிள்ளை எங்கே?


சுடுதண்ணி:

2001 அக்டோபர் 23, ஆப்பிள் முதல் ஐபாடை அறிமுகப்படுத்திய நாள். அந்தச் செய்தியைப் போட்டுவிட்டு மால்டா கீழே எழுதியது இவ்வளவுதான்: வயர்லெஸ் இல்லை, நோமாடை (அப்போதிருந்த இன்னொரு பாட்டுப் பெட்டி) விட இடம் கம்மி, சப்பை. அப்புறம் அது எத்தனை கோடி விற்றது என்று உங்களுக்கே தெரியும். டெக் உலகத்தில் யாராவது ஒரு புதுப் பொருளை மட்டம் தட்டினால் இன்றைக்கும் அந்த வரியைத்தான் கொண்டுவந்து மூஞ்சியில் ஒட்டுவார்கள். ஸ்லாஷ்டாட் செத்தாலும் அந்த வரி சாகாது.


கணக்குப்பிள்ளை:

வந்துவிட்டேன்.

ஆண்டோவர் கொடுத்தது ரொக்கமாக 15 லட்சம் டாலர். மீதி 70 லட்சம் டாலர் ஆண்டோவர் பங்குகளாக, அதிலும் பெரும்பகுதி மால்டாவும் பேட்ஸும் குறிப்பிட்ட வருஷங்கள் வேலையில் நீடித்தால்தான் கைக்கு வரும். இதைக் கவனியுங்கள். தளத்தை வாங்கியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, டொமைனையும் மெஷினையும் வாங்கினால் பத்தாது, அந்த இரண்டு பையன்களையும் சேர்த்துக் கட்டிப்போட வேண்டும் என்று. ஆண்டோவருக்கு எதற்கு இது? அவர்கள் பங்குச் சந்தைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள், காட்டுவதற்குப் பெரிய டிராஃபிக் வேண்டும். 1999 டிசம்பர் 8இல் பங்கு 18 டாலர் விலையில் வந்தது, அதுவும் ஏல முறையில்.

மறுநாள் டிசம்பர் 9, விஏ லினக்ஸ் என்ற கம்பெனியின் பங்கு வந்தது. லினக்ஸ் போட்டு கம்ப்யூட்டரும் சர்வரும் விற்கிற கம்பெனி. வெளியீட்டு விலை 30 டாலர், அன்று மாலை முடிந்தது 239 டாலர் 25 சென்ட். ஒரே நாளில் கிட்டத்தட்ட 700 சதவீத ஏற்றம், அமெரிக்க சந்தையில் அது ஒரு சாதனை. ஓப்பன் சோர்ஸ் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) பற்றி நிறைய எழுதிய, அந்தக் கம்பெனி போர்டில் இருந்த எரிக் ரேமண்டிடம் ஒன்றரை லட்சம் பங்கு, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த பலூன் விலைப் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2000 பிப்ரவரியில் ஆண்டோவரை வாங்குவதாக விஏ அறிவித்தது. லினக்ஸ் ஆட்கள் எல்லாரும் தினமும் கூடுகிற திண்ணை நம் கையில் இருந்தால் நம் சர்வரை வாங்குவார்கள் என்பது கணக்கு.

கணக்கு தப்பு. முதல் வருஷம் முடிவதற்குள் பங்கு பத்து டாலருக்குக் கீழே. திண்ணையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பவன் லினக்ஸை இலவசமாக இறக்கி, பழைய டெல் மெஷினில் தானே போட்டுக்கொள்கிறவன், அவன் ஏன் உங்களிடம் சர்வர் வாங்கப் போகிறான்? 2001இல் ஹார்டுவேர் வியாபாரத்தையே மூடிவிட்டு விஏ சாஃப்ட்வேர் ஆனார்கள். 2007இல் சோர்ஸ்ஃபோர்ஜ் இன்க், 2009 நவம்பரில் கீக்நெட். நீங்கள் சொன்ன பஸ் ஸ்டாப் பெயர்களில் பாதி இது, ஒரே கம்பெனி பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டே போனது, வேறு வேறு ஆட்கள் இல்லை. சோர்ஸ்ஃபோர்ஜ் பக்கத்தில் ஸ்லாஷ்டாட் பெயர் ஏன் என்பதற்கும் இங்கேயே பதில்: சோர்ஸ்ஃபோர்ஜ் 1999இல் இதே விஏ தொடங்கியது, அதனால்தான் ஆண்டோவரை விஏ வாங்கியதிலிருந்து இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்தக் கம்பெனியிடம் திங்க்கீக் என்று ஒரு ஆன்லைன் கடையும் இருந்தது. டீ ஷர்ட், பொம்மை, புரோகிராமர் ஜோக் போட்ட கப்பு, அந்த வகை. 2012 செப்டம்பரில் ஸ்லாஷ்டாட், சோர்ஸ்ஃபோர்ஜ், ஃப்ரீகோட் (மென்பொருள் பட்டியல் தளம்) மூன்றையும் சேர்த்து டைஸ் ஹோல்டிங்ஸுக்கு 2 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். அந்த மூன்றும் 2011இல் ஈட்டிய வருமானமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆக ஒரு வருஷ வரவுதான் விலை. கையில் வைத்துக்கொண்டது டீ ஷர்ட் கடையை. 2015இல் வீடியோ கேம் கடைகள் நடத்தும் கேம்ஸ்டாப் வந்து கீக்நெட்டை 14 கோடி டாலருக்கு வாங்கியது. அதாவது உலகத்தின் பாதி ஓப்பன் சோர்ஸ் இறங்கிய இடமும், அதைப் பற்றிப் பேசிய இடமும் சேர்ந்து, கப்பு விற்ற கடையில் ஏழில் ஒரு பங்கு. எனக்கு இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

டைஸ் யார்? டெக் ஆட்களுக்கு வேலை தேடித் தரும் தளம். அவர்களுக்கு வேண்டியது ரெஸ்யூமே. இங்கே லட்சக்கணக்கில் புரோகிராமர் இருக்கிறான், இவனை அப்படியே நம் தளத்துக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில், 2014 தொடக்கத்தில் தந்த நிதி அறிக்கையில், ஸ்லாஷ்டாட் மீடியாவின் விளம்பர வருமானம் விழுகிறது, இனியும் தேறும் என்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதி, கணக்குப் புத்தகத்தில் வைத்திருந்த குட்வில் (நற்பெயருக்கான மதிப்பு) 63 லட்சம் டாலரையும் இதர கண்ணுக்குத் தெரியாத சொத்து 72 லட்சம் டாலரையும் பூஜ்யம் ஆக்கினார்கள். புரியும்படி சொன்னால், கொடுத்த காசில் மூன்றில் இரண்டு பங்கு போயே போச்சு என்று அவர்களே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

2016 ஜனவரியில் பிஸ்எக்ஸ் என்ற தனியார் கம்பெனிக்குக் கை மாறியது. இப்போதும் அவர்களிடம்தான். நீங்கள் பார்த்த ஸ்லாஷ்டாட் மீடியா அதுதான்.

ஒரு சொந்தக் கதை சொல்லி முடிக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இணைய இதழ் (பெயர் வேண்டாம்) மூன்று வருஷத்தில் இரண்டு முறை விற்கப்பட்டது. இரண்டாவது முறை சொத்துப் பட்டியல் எக்செல் ஷீட்டை நான்தான் தயார் செய்தேன். டொமைன் ஒரு வரி, டிரேட்மார்க் ஒரு வரி, சர்வர் ஆறு வரி, ஆபீஸ் ஏசி நாலு வரி. ஏசிக்கு மாடல் நம்பர் எல்லாம் போட்டோம். பதினோரு வருஷமாக எங்களுக்குக் கடிதம் எழுதிய வாசகர்கள் எல்லாரும் "ரெஜிஸ்டர்ட் யூசர்ஸ்" என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு எண். வாங்கின கம்பெனி அந்த ஒரு வரிக்குத்தான் காசு கொடுத்தது, வந்த ஆறு மாசத்தில் அந்த வரியில் இருந்த ஆட்கள்தான் முதலில் கிளம்பினார்கள்.


தாரிணி:

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன எண்ணெல்லாம் சரி. ஆனால் படிக்கிறவர்களுக்கு "நல்லா இருந்த தளத்தை டைஸ் வந்து கெடுத்தது" என்று தோன்றும், எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

தேதிகளைப் பாருங்கள். வாசகர்களே லிங்க் போட்டு ஓட்டுப் போடும் தளங்களில் டிக் 2004 கடைசியில் வந்துவிட்டது, ரெடிட் 2005, ஹேக்கர் நியூஸ் 2007. எடிட்டர் எப்போது எழுந்து போடுவார் என்று காத்திருக்காமல் வாசகர்களே முகப்பைத் தீர்மானிக்கிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது. மால்டாவே 2011 ஆகஸ்டில் ராஜினாமா செய்துவிட்டார், அடுத்த வருஷம் வாஷிங்டன் போஸ்ட்டின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். டைஸ் வந்தது அவர் ராஜினாமா செய்து ஒரு வருஷம் கழித்து. காலி ஆகிக்கொண்டிருந்த வீட்டைத்தான் அவர்கள் வாங்கினார்கள்.

வாங்கிய பிறகு செய்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. "பீட்டா" என்று ஒரு புது வடிவம் கொண்டுவந்தார்கள், பெரிய பெரிய படம், நிறைய வெள்ளை இடம், கமெண்ட் மட்டும் ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டது. கமெண்டுக்காகவே வருகிற ஆளிடம் கமெண்டை மறைத்தால் என்ன ஆகும்? 2014 பிப்ரவரியில் வாசகர்களில் ஒரு பகுதியை அவர்களைக் கேட்காமலே அந்தப் பக்கம் திருப்பிவிட்டதும் எந்தச் செய்திக்குக் கீழே பார்த்தாலும், செவ்வாய் கிரகம் பற்றிய செய்தியானாலும் சரி, பீட்டாவைத் திட்டித்தான் கமெண்ட். மாடரேட்டர்களும் சேர்ந்துகொண்டு அந்தத் திட்டுக்கெல்லாம் 5 மார்க் போட்டார்கள். பிப்ரவரி 10 முதல் 17 வரை ஒரு வாரம் யாரும் தளத்துக்கு வர வேண்டாம் என்று புறக்கணிப்பு நடந்தது. அதே மாசத்திலேயே ஒரு கூட்டம், ஸ்லாஷ்டாட்டின் பழைய நிரல் ஓப்பன் சோர்ஸாகக் கிடந்ததை எடுத்துத் தூசி தட்டி, சாய்லன்ட்நியூஸ் என்று தனிக்குடித்தனம் போய்விட்டது. பீட்டா கடைசி வரை முழுசாக வரவில்லை, பழைய வடிவமே நிலைத்தது.

ஆனால் எனக்குப் பீட்டாவை விடப் பெரிய தப்பாகத் தெரிவது சோர்ஸ்ஃபோர்ஜில் செய்ததுதான். 2013இல் "தேவ்ஷேர்" என்று ஒரு திட்டம், நீங்கள் இறக்கும் மென்பொருளோடு வேறு எதையாவது ஒட்டிவிடுகிற இன்ஸ்டாலர். ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் ஆட்கள் அந்த வருஷமே வெளியேறிவிட்டார்கள். 2015 மே மாதம் பார்த்தால், விண்டோஸ் ஜிம்ப் பக்கம் கைவிடப்பட்டது என்று சொல்லி சோர்ஸ்ஃபோர்ஜே அதை எடுத்துக்கொண்டு, விளம்பரம் ஒட்டிய இன்ஸ்டாலரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊரே கொதித்தது. எல்லா டெக் தளத்திலும் அது செய்தி. ஸ்லாஷ்டாட்டில் மட்டும் உடனே வரவில்லை என்று வாசகர்கள் புகார் செய்தார்கள், பிறகுதான் வந்தது. ஒரே முதலாளி, அண்ணன் செய்த தப்பைத் தம்பி எழுதவில்லை. யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எங்கே உறைக்கும் என்றால் இங்கேதான், பங்கு விலையில் இல்லை.

இப்போது இருக்கிற பிஸ்எக்ஸ் வந்ததும் முதல் வேலையாக 2016 பிப்ரவரியில் தேவ்ஷேரைத் தூக்கினார்கள், இறக்கும் கோப்புகளில் வைரஸ் சோதனை வைத்தார்கள். அதற்கு ஒரு சபாஷ். அவர்களுடைய வியாபாரம் கம்பெனிகளுக்கான மென்பொருளை ஒப்பிட்டுக் காட்டும் டைரக்டரி, அது சோர்ஸ்ஃபோர்ஜிலும் இருக்கிறது ஸ்லாஷ்டாட்டிலும் இருக்கிறது. பழைய தளங்களுக்குக் கூகுளில் இருக்கும் மரியாதையை வைத்துப் பிழைப்பு. தப்பில்லை, விளக்கெரிய எண்ணெய் எங்கிருந்தாவது வர வேண்டுமே.


வெட்டிக்கோடர்:

அக்கா, அண்ணன்மார்களே, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, ரொம்ப நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். இத்தனை கம்பெனி வாங்கி விற்றதே, வாசகர்கள் எழுதின அந்தக் கமெண்டெல்லாம் சட்டப்படி யாருடையது? கம்பெனியோடு அதுவும் சேர்ந்து விலை போய்விட்டதா?


பழைய மோடம்:

நல்ல கேள்வி தம்பி. ஸ்லாஷ்டாட்டில் ஒவ்வொரு விவாதத்துக்கும் மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: கீழே உள்ள கமெண்டுகள் எழுதியவர்களுக்கே சொந்தம், அவற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை. ஆரம்பத்தில் வழக்குக்குப் பயந்து போட்ட வரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதன் அர்த்தத்தைப் பாருங்கள். ஆண்டோவர் வாங்கியபோதும் விஏ வாங்கியபோதும் டைஸ் வாங்கியபோதும், கடையின் மெயின் சரக்கு கடைக்காரனுக்குச் சொந்தமில்லை என்று கடை வாசலிலேயே எழுதி வைத்திருந்தது. வாங்கியவர்கள் யாராவது படித்தார்களா தெரியாது.

அந்த வரி எவ்வளவு தூரம் தாங்கும் என்று இரண்டு முறை சோதனை வந்தது. 2000 மே மாதம், மைக்ரோசாஃப்ட், கெர்பரோஸ் என்ற லாகின் பாதுகாப்பு முறைக்குத் தான் செய்த நீட்டிப்பின் விவரக்குறிப்பை வாசகர்கள் கமெண்டில் போட்டுவிட்டார்கள், எடுத்துவிடுங்கள் என்று காப்பிரைட் சட்டத்தைக் காட்டிக் கடிதம் அனுப்பியது. ஸ்லாஷ்டாட் எடுக்கவில்லை, கடிதத்தையே முகப்பில் போட்டு விவாதத்துக்கு விட்டது. அப்போது பங்குச் சந்தைப் பணம் இன்னும் முழுசாகக் கரையாத காலம். அடுத்த வருஷம் மார்ச்சில் சயின்டாலஜி சர்ச் என்ற அமெரிக்க மத அமைப்பு, தங்கள் ரகசிய நூல் ஒன்றை பெயரில்லாத ஒருவர் கமெண்டாக ஒட்டியிருக்கிறார் என்று அதே சட்டத்தைக் காட்டியது. இந்த முறை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை மறைக்காமல், வக்கீல்கள் ஜெயிக்க முடியாது என்று சொல்கிறார்கள் என்று மால்டா வெளிப்படையாக எழுதினார், கூடவே சயின்டாலஜியை விமர்சிக்கும் பக்கங்களுக்கு வரிசையாக லிங்கும் போட்டார். அவருடைய கோபம் அந்தப் பதிவில் அப்படியே தெரியும். மைக்ரோசாஃப்டிடம் நிமிர்ந்தவர்கள் இங்கே ஏன் பணிந்தார்கள் என்று கேட்டால், சட்ட நுணுக்கம் ஒரு பக்கம், விஏவின் பங்கு விழுந்து கிடந்தது இன்னொரு பக்கம் என்பது என் எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

கமெண்ட் என்றதும் இன்னொன்று. 2006 நவம்பரில் ஒரு நாள் திடீரென்று யாராலும் பதில் எழுத முடியவில்லை. என்னவென்றால், கமெண்ட் எண்ணிக்கை 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216ஐத் தொட்டுவிட்டது. நீங்கள் கோடர்தானே, இரண்டின் 24ஆம் அடுக்கு. எந்தக் கமெண்டுக்கு எது பதில் என்று குறித்து வைக்கும் டேட்டாபேஸ் பத்தி மட்டும் மீடியம்இன்ட் என்ற சின்ன எண் வகை, அதற்கு மேல் எண்ண வராது. உலகத்துக்கே ப்ரோகிராமிங் பாடம் எடுத்த தளம், இன்ட் அளவு பத்தாமல் நின்றது. அடுத்த நாள் அதையே செய்தியாகப் போட்டுத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள், அதற்கும் நூற்றுக்கணக்கில் கமெண்ட்.


சுடுதண்ணி:

யார் கையில் இருக்கிறது என்பதற்குக் கருத்துக்கணிப்பு வைத்தால் கடைசி விடை "கௌபாய்நீல்" என்று இருக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு: அங்கே வாக்கெடுப்பைக் கவனித்துக்கொண்ட எடிட்டரின் புனைபெயர் அது, எந்தக் கேள்வியானாலும் கடைசி விருப்பமாக அவர் பெயரை வைப்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஓஎஸ் எது? லினக்ஸ், பிஎஸ்டி, மேக், கௌபாய்நீல்.


தாரிணி:

மறந்தே போனேன், நம் ஆட்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. போய் அங்கே தமிழில் ஒரு வார்த்தை எழுதலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஸ்லாஷ்டாட்டுக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) ஒத்துவராது என்பது ஊரறிந்த கிண்டல். தமிழை விடுங்கள், ஐபோனில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினால் வருகிற வளைந்த மேற்கோள் குறியே அங்கே போய் வாந்தி எடுத்த மாதிரி மூன்று எழுத்தாக மாறி நிற்கும். ஒரு காலத்தில் எழுத்துக்களைத் தலைகீழாக்கிப் பக்கத்தையே குலைத்த விஷமிகளைத் தடுக்கப் போட்ட பூட்டு என்று சொல்வார்கள், எத்தனை முதலாளி மாறியும் அந்தப் பூட்டைத் திறக்க ஆள் வரவில்லை. பிரிந்து போன சாய்லன்ட்நியூஸ்காரர்கள் சீக்கிரமே செய்து முடித்துப் பீற்றிக்கொண்ட வேலைகளில் ஒன்று யூனிகோட்.


வெட்டிக்கோடர்:

எங்கள் சீனியரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டினேன். டீக்குக் கூட எழுந்திருக்காமல் முழுசும் படித்தார். அவருக்கு அங்கே கணக்கு இருக்கிறதாம், ஆறு இலக்க ஐடி, எண்ணைக் கூட மனப்பாடமாகச் சொன்னார். பாஸ்வேர்டு மட்டும் ஞாபகம் இல்லை. ரீசெட் கொடுத்துப் பார்க்கலாமே சார் என்றேன், கணக்கு தொடங்கியது காலேஜ் மெயில் முகவரியிலாம், அந்த மெயில் சர்வரைக் கழற்றியதே அவருடைய பேட்ச்தானாம்.